பிரௌன் செக்கார்: முதுமையோடு தொடுத்த வழக்கு

எழுபதை நெருங்கிய பின்னரே பிரௌன் செக்காரைப் பரிவோடு நோக்க நான் கற்றேன்.

1817இல் மொரீசியசுத் தீவிலே, போர்ட் லூயிசில் பிறந்தவர். மாலுமியான தந்தையைக் கண்டதில்லை. பிறக்குமுன்பே கடல் கொண்டுவிட்டது. சிறுநீரகங்களின்மேல் அமர்ந்த அதிரீனற் சுரப்பிகள் கெட்டால் மனிதன் மெலிந்து, தோல் கறுத்து மடிவதை இலண்டன் வைத்தியர் தோமஸ் அடிசன் 1855இல் எழுதினார். மறு ஆண்டே இவர் விலங்குகளில் அவற்றை அகற்றி, அவையின்றி உயிர் தரியாதெனக் காட்டினார். பெயர் நிலைக்க இதுவொன்றே போதாதா?

உலகமோ வேறொன்றையே நினைவிற் கொண்டது. 1889 யூனில், 72 வயதில், பாரிசு உயிரியற் கழகத்தின்முன் எழுந்தார். நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளைப் பிழிந்த சாற்றைத் தம் உடலில் ஏற்றியதாகவும், மாடிப்படிகளில் ஏறக்குறைய ஓடியே ஏறுவதாகவும் அறிவித்தார். பலர் நகைத்தனர், மருந்து விற்போர் மகிழ்ந்தனர். சில வாரங்களில் தளர்ச்சி மீண்டது. நீரிற் பிழிந்த அச்சாற்றில் ஓமோன் இல்லையென்றே சொல்லலாம்; அவரை மாடியேற்றியது நம்பிக்கையே.

எனக்கு நகைக்க மனம் வருவதில்லை. அதிரீனல் சுரக்கும் டி.எச்.ஈ.ஏ. என்னும் ஓமோன் இளமையில் உச்சமெய்தி, எழுபதில் ஐந்திலொரு பங்காகவோ அதனினுங் குறைவாகவோ சுருங்குவதை இன்று அறிவோம். அதனை ஈராண்டு மாத்திரையாக உட்கொண்ட முதியோரிடத்தும் இளமை மீளவில்லையென 2006இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று.

அவர் 1894இல் பாரிசிலே மறைந்தார். சுரப்பிச் சாறுகளில் வைத்த நம்பிக்கையை இறுதிவரை கைவிட்டாரில்லை.