பூச்சியின் பெயர் பூண்ட ஓவியர்

இளமையில் கண்டவையும் கேட்டவையும் எல்லார் மனத்திலும் தங்குகின்றன. அவற்றை அப்படியே திரும்பச் சொல்வோர் பலர். அவற்றோடு தாம் பட்ட துயரையும் தமக்குள் எழுந்த வினாவையும் சேர்த்துப் புதியதோர் உலகைப் படைப்போர் சிலர். ஜப்பானியச் சித்திரக்கதைக் கலையாகிய மங்காவை உயர்த்திய ஒசாமு தெசுகா அச்சிலருள் ஒருவர்.

கண்டதும் களித்ததும்

தெசுகா, ஒசாகாவை அடுத்த தொயோனாகாவில் 1928ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதானபோது குடும்பம் தகராசுகா என்னும் ஊரில் குடியேறியது. பெண்கள் மட்டுமே நடிக்கும் இசைநாடகக் குழுவால் புகழ்பெற்ற ஊர் அது. அங்கு அரசன் வேடத்தையும் வீரன் வேடத்தையும் பெண்களே புனைவர். தாயார் மகனை அந்நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். தந்தையோ வீட்டிலேயே சிறு திரைப்படக் கருவி ஒன்றை வைத்து, சாப்ளின் நடித்த படங்களையும் டிஸ்னியின் அசைவூட்டப் படங்களையும் காட்டினார்.

பள்ளி வாழ்க்கை அத்துணை இனிதாக இல்லை. மெலிந்த உடலும் சுருண்ட முடியும் கண்ணாடியும் பிற மாணவரின் கேலிக்கு இலக்காயின. ஆனால், அவர் ஏடுகளில் வரைந்த சித்திரக்கதைகளைப் படிக்கத் தொடங்கியதும் கேலி செய்தோரே அவருடைய வாசகர் ஆயினர். எழுதுகோல் தமக்கு அரணாகும் என்பதைத் தெசுகா இளமையிலேயே உணர்ந்தார்.

பூச்சிகளின்மீதும் அவருக்கு அளவிலா ஆர்வம் இருந்தது. அவற்றைத் தேடிச் சேர்த்து, உறுப்பு உறுப்பாக நோக்கி நுணுக்கமாக வரைந்தார். ஒசாமுஷி என்னும் வண்டின் பெயர் தம் பெயரை ஒத்திருக்கக் கண்டு, பூச்சியைக் குறிக்கும் எழுத்தைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அதுவே அவருடைய புனைபெயர் ஆயிற்று.

போரின் வடு

இரண்டாம் உலகப்போர் அவருடைய மாணவப் பருவத்தைப் பறித்தது. பயிற்சி முகாமில் இருந்தபோது இரு கைகளிலும் கடுமையான தோல்நோய் பரவியது. கைகளையே இழக்க நேரிடுமோ என்னும் நிலையில், மருத்துவர் ஒருவர் அவற்றைக் காப்பாற்றினார். மருத்துவராக வேண்டும் என்னும் எண்ணம் அப்போது வேரூன்றியது. 1945ஆம் ஆண்டு ஒசாகா நகரின்மீது குண்டுமழை பொழிந்தபோது, தொழிற்சாலைப் பணியில் இருந்த தெசுகா நூலிழையில் உயிர்தப்பினார். எரிந்த நகரையும் இறந்த மக்களையும் கண்ட காட்சி, உயிரின் அருமையை வாழ்நாள் முழுதும் அவருக்கு உணர்த்திக்கொண்டே இருந்தது.

இரு வழிகள்

அதே ஆண்டில் ஒசாகாவில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். 1946இல் நாளிதழ் ஒன்றில் அவருடைய முதல் தொடர் வெளிவந்தது. மறு ஆண்டில் சகாய் சிச்சிமாவுடன் இணைந்து படைத்த ‘புதிய புதையல் தீவு’ நூல் ஏறத்தாழ 4 லட்சம் படிகள் விற்றது. தந்தை காட்டிய திரைப்படங்களில் காட்சிகள் விரைந்தோடியதுபோல் அவருடைய கட்டங்களும் ஓடின. அருகிலும் தொலைவிலும் மாறிமாறி அமைந்த காட்சிகள் வாசகருக்குப் புதுமையாயின.

மருத்துவமா, ஓவியமா என்று மனம் தடுமாறியபோது, எது உண்மையில் பிடித்தது என்று தாயார் வினவினார். ஓவியமே என்றார் மகன். அவ்வழியே செல்லுமாறு தாயார் பணித்தார். எனினும் மருத்துவக் கல்வியை அவர் பாதியில் விடவில்லை. படிப்பை நிறைவு செய்து, மருத்துவராவதற்கான தேர்விலும் வென்ற பின்னரே ஓவியத்தை முழுநேரப் பணியாக ஏற்றார்.

முளைத்த விதைகள்

1952இல் ‘ஆட்டம்’ என்னும் இயந்திரச் சிறுவனின் தொடர் தொடங்கியது. விபத்தில் மகனை இழந்த அறிவியலாளர் ஒருவர், அவன் உருவிலேயே அச்சிறுவனைப் படைக்கிறார்; அவன் வளரவில்லை என்பதை அறிந்ததும் வெறுத்து விற்றுவிடுகிறார். மனிதராலும் முழுமையாக ஏற்கப்படாத அவன், மனிதருக்கும் இயந்திரங்களுக்கும் இடையே நின்று துன்புறுகிறான். உருண்டை முகத்திலும் பெரிய கண்களிலும் டிஸ்னியின் சாயல் உண்டு. வேற்றாராக ஒதுக்கப்படுவோரின் வலியோ தெசுகாவின் நெஞ்சில் ஊறியது.

1953இல் தொடங்கிய ‘நாடா வீராங்கனை’ கதையில், பெண்ணுக்கு அரியணை இல்லை என்னும் நாட்டில் இளவரசி ஒருத்தி இளவரசனாக வளர்கிறாள். தகராசுகா மேடையில் கண்ட ஆண்வேடம், இங்கே பெண்ணின் உரிமை பற்றிய வினாவாக மலர்ந்தது.

1963ஆம் ஆண்டு சனவரி முதல்நாள் ‘ஆட்டம்’ தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. தம் அசைவூட்டப்பட நிறுவனத்திற்கும் பூச்சியைக் குறிக்கும் ‘முஷி’ என்னும் பெயரையே அவர் இட்டிருந்தார். ஆயினும் செலவு வரவை விஞ்ச, 1973இல் அந்நிறுவனம் நொடித்தது. அவருடைய காலம் முடிந்தது என்று பலர் கருதினர். அவ்வாண்டிலேயே ‘பிளாக் ஜாக்’ தொடர் பிறந்தது. சிறுவயதில் விபத்தில் சிதைந்த உடலை மருத்துவர் ஒருவர் மீட்க, தானும் அறுவை மருத்துவனாகும் ஒருவனின் கதை அது. கைகளைக் காத்த மருத்துவரும் கற்ற கல்வியும் கண்ட மரணங்களும் அக்கதையில் ஒன்றுகூடின. வாசகர் மீண்டும் அவரை நாடி வந்தனர்.

நிலைத்த புகழ்

ஏறத்தாழ 1,50,000 பக்கங்கள் வரைந்த தெசுகா, வயிற்றுப் புற்றுநோயால் 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் மறைந்தார். நோய்ப்படுக்கையிலும் அவர் வரைவதை நிறுத்தவில்லை. அவர் பெயரிலான நினைவு அருங்காட்சியகம் 1994இல் தகராசுகாவில் திறக்கப்பட்டது. பிறரிடமிருந்து பெற்றதை மறைக்காமல், அதைத் தம் வாழ்வின் உலையில் இட்டு உருக்கித் தமதாக்கினார் தெசுகா. அவருடைய தனித்தன்மை பிறந்த இடம் அதுவே.