சோம்பற் காற்றைக் கண்ட சோர்விலா அறிஞர்

எண்ணூர், திருவொற்றியூர் போன்ற தொழிலூர்களில் அலுமினியத்தையும் துருவேறா எஃகையும் பற்றவைப்போர், உலோகம் உருகும் இடத்தைச் சூழ ஆர்கான் என்னும் வாயுவைப் பாய்ச்சுவர். அவ்வாயு எதனோடும் கூடாது. காற்றிலுள்ள உயிர்வளி உலோகத்தைக் கெடுக்காதவாறு அரண்போல் நின்று காக்கும். இராயபுரத்துக் கடற்காற்றிலும் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கு அதுவே. எங்கும் நிறைந்திருந்தும் நெடுங்காலம் அறியப்படாதிருந்த அதனை உலகறியச் செய்தவருள் ஒருவர் வில்லியம் இராம்சே ஆவார்.

இராம்சே 1852ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். ஜெர்மனியில் உயர்கல்வி கற்று, 1887இல் இலண்டன் பல்கலைக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். கண்ணாடிக் குழல்களைத் தாமே ஊதி அமைக்கும் கைத்திறனும் அவர்பால் இருந்தது.

அந்நாளில் இராலே என்னும் அறிஞர் ஒரு புதிர் கண்டார். காற்றினின்று பிரித்த நைட்ரஜன், வேதிப்பொருள்களினின்று பெற்ற நைட்ரஜனைவிட ஏறத்தாழ அரை விழுக்காடு கனமாயிருந்தது. பிறராயின் அளவைப் பிழையென்று விட்டிருப்பர். 1785இலேயே காவெண்டிசு என்பார் காற்றில் எதனோடும் சேராது எஞ்சிய சிறுகுமிழியைக் கண்டு எழுதிவைத்தும், நூறாண்டுகள் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. இராம்சேயோ, பழுக்கக் காய்ச்சிய மக்னீசியத்தின்மீது அந்நைட்ரஜனை மீண்டும் மீண்டும் செலுத்தினார். நைட்ரஜன் முழுதும் மக்னீசியத்தோடு கூடியபின் எஞ்சியது ஒரு புதிய வாயு. 1894இல் இருவரும் அதனை அறிவித்தனர். கிரேக்க மொழியில் சோம்பலுடையது என்று பொருள்படும் ஆர்கான் என்னும் பெயர் அதற்கு அமைந்தது.

ஆனால் தனிம அட்டவணையில் அதற்கு இடமில்லை. அவ்வட்டவணையை 1869இல் வகுத்த மெண்டலீவே அதனைத் தனிமமென ஏற்கத் தயங்கினார். இராம்சே தளரவில்லை. தனித்து நிற்கும் ஒன்றற்கு உறவினர் உண்டோ எனத் தேடலானார்.

1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காணச் சென்னை வானாய்வுக் கூடத்தைச் சேர்ந்த பாக்சன் மசூலிப்பட்டினத்திலும், பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் குண்டூரிலும் முகாமிட்டனர். அவ்வாண்டில் கதிரவன் ஒளியிற் காணப்பெற்ற மஞ்சட்கோடு ஒன்று எத்தனிமத்திற்கும் பொருந்தவில்லை. அதற்குரிய பொருள் ஹீலியம் எனப் பெயர் பெற்றும், மண்ணுலகில் அகப்படாதிருந்தது. 1895இல் யுரேனியக் கனிமம் ஒன்றை அமிலத்திலிட்டு வாயுவைப் பிரித்த இராம்சே, அதே மஞ்சட்கோட்டைக் கண்டார். 1898இல் திராவேர்சு என்னும் இளைஞரோடு நியான், கிரிப்டான், செனான் ஆகியவற்றையும் கண்டறிந்தார். அட்டவணையில் ஒரு புதுக்குடும்பமே இடம்பெற்றது.

இவை ஏன் பிறவற்றோடு எளிதில் கூடுவதில்லை என்பதற்குப் பின்னாளில் விடை கிடைத்தது. ஹீலியம் அணுவில் 2 எலெக்ட்ரான்கள். நியானில் 2, 8. ஆர்கானில் 2, 8, 8 என அவை கூடுகளில் அமைந்துள்ளன. புறக்கூட்டில் குறையின்மையால் கொடுக்கவும் கொள்ளவும் அவற்றிற்குத் தேவையில்லை.

1900இல் இராம்சே இந்தியா போந்து, டாட்டா நிறுவ எண்ணிய அறிவியல் கழகத்திற்குப் பெங்களூரே ஏற்றதெனப் பரிந்துரைத்தார். அக்கழகத்தின் முதல் இயக்குநர் திராவேர்சே ஆவார். 1904இல் இராம்சே வேதியியல் நோபல் பரிசு பெற்றார், 1916இல் மறைந்தார்.

சிறு வேறுபாட்டையும் இகழாது ஆராய்ந்தமையால், கண்ணுக்குப் புலனாகாத ஒரு குலத்தையே உலகுக்குக் காட்டினார் இராம்சே. சிறியதென்று எதனையும் தள்ளாத நெஞ்சமே அறிவின் வாயிலாகும்.