பாட்டு வாத்தியார் ஸோல்டான் கோடாய்

ஸ்பேனரும் ஸ்லைடு ரூலுமாய்ப் படித்து வெளியே வந்த நமக்கும் பாட்டு வாத்தியாருக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது. ஒரு நாடே பாடுவதற்கு ஒருவர் திட்டம் போட்டு, கால் நூற்றாண்டு காத்திருந்து, செய்தும் காட்டினார். அவர்தான் ஹங்கேரி நாட்டின் ஸோல்டான் கோடாய்.

1882 டிசம்பர் 16-ம் தேதி கெச்கெமேத் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர். மாற்றலாகிப் போன கலாண்டா என்ற சிற்றூரில்தான் பையனின் பால்யம் கழிந்தது. செருப்பில்லாத கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடி, அவர்கள் பாட்டையெல்லாம் கேட்டு வளர்ந்தார். வீட்டில் நாலு பேர் சேர்ந்து வாசிக்க செல்லோவுக்கு ஆள் இல்லை என்றதும், தானே அதைக் கற்றுக்கொண்ட கெட்டிக்காரர்!

1900-ல் புடாபெஸ்ட் போனார். ஒரு பக்கம் பல்கலைக்கழகத்தில் மொழிப் படிப்பு, இன்னொரு பக்கம் இசைக் கல்லூரி. அந்த நகரத்தில் உயர்ந்த சங்கீதம் என்றால் ஜெர்மன் சங்கீதம்தான். குடியானவன் பாடுவதை யாரும் சங்கீதமாகவே மதிக்கவில்லை. கோடாய் 1905-ல் கிராமம் கிராமமாகக் கிளம்பிவிட்டார். நண்பர் பேலா பார்டோக்கும் இந்த வேலையில் சேர்ந்துகொண்டார். அவர்களுடைய கருவி, மெழுகு உருளையில் ஒலியைக் கீறிப் பதியும் போனோகிராஃப். ஓர் உருளையில் சில நிமிஷங்கள்தான் பிடிக்கும். 1906-ல் நாட்டுப் பாடல்களைப் பற்றியே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் வாங்கினார்; மறு வருஷம் இசைக் கல்லூரியில் பேராசிரியர். 1919 அரசியல் குழப்பத்தில் விசாரணை வந்து, சுமார் இரண்டு வருஷம் பாடம் நடத்த முடியாமல் போனது. மனுஷன் அசரவில்லை. 1923-ல் அரங்கேறிய 'ஸால்முஸ் ஹங்காரிகுஸ்' அவரை ஐரோப்பா முழுக்கப் பிரபலமாக்கியது.

புகழோடு அப்படியே இருந்துவிட்டிருக்கலாம். ஆனால் 1925-ல், பூடா குன்றுப் பக்கம் உல்லாசமாய் வந்த ஆசிரியைப் பயிற்சி மாணவிகள் பாடுவதைக் கேட்டார். குரல் அருமை, பாட்டோ வெறும் சக்கை. நாளைக்கு இவர்கள்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள் என்ற கவலை பிடித்துக்கொண்டது. அன்று முதல் குழந்தைகளுக்காக எழுதத் தொடங்கினார்.

அவர் வழி எளிமையானது. பியானோ வாங்கப் பணம் வேண்டும். தொண்டை எல்லாரிடமும் இருக்கிறது. ஆகவே முதலில் பாட்டு. அதிலும் தாய்மொழியைப் போல, சொந்த மண்ணின் பாட்டு. பழைய ஹங்கேரியப் பாடல்கள் பல, நம் மோகனம், சுத்த தன்யாசி மாதிரி ஐந்து ஸ்வரத்தில் அமைந்தவை. சின்னப் பிள்ளைகளுக்கு சுலபம். டோ-ரே-மி முறையில், நம் ஸட்ஜத்தைப் போலவே, 'டோ'வை எந்தச் சுருதியிலும் வைக்கலாம். இங்கிலாந்தின் ஜான் கர்வன் பரப்பிய கைஜாடைகளால் ஸ்வரம் கண்ணுக்கும் தெரிந்தது. தாளத்துக்கு 'டா', 'டி-டி' என்ற சொற்கள். நல்லது எங்கே இருந்தாலும் எடுத்துக்கொண்டார். சக இசைஞர்களும் மாணவர்களும் சேர்ந்துதான் அதை ஒரு முறையாக ஆக்கினார்கள்.

1950-ல் அவர் பிறந்த கெச்கெமேத்திலேயே, மார்தா நெமெஸ்ஸெகி தலைமையில், தினமும் பாட்டு வகுப்பு உள்ள முதல் ஆரம்பப் பள்ளி தொடங்கியது. 1960-களில் இப்படிப் பள்ளிகள் நூற்றைத் தாண்டின. 1964-ல் புடாபெஸ்டில் கூடிய சர்வதேச இசைக் கல்வி மாநாட்டுக்கு வந்தவர்கள் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டு, இந்த முறையைத் தங்கள் நாடுகளுக்கு எடுத்துப் போனார்கள். 1967 மார்ச் 6-ம் தேதி கோடாய் மறைந்தார். 1975-ல் கெச்கெமேத்தில் அவர் பெயரில் இசைக் கல்வி நிறுவனம் எழுந்தது. நாட்டுப்புற இசையை இவர் வழியில் பாதுகாப்பதை 2016-ல் யுனெஸ்கோ நல்ல முன்மாதிரிகளின் பட்டியலில் சேர்த்தது.

படிக்கிற தம்பி தங்கைகளே! அவர் போனோகிராஃபைச் சுமந்துகொண்டு அலைந்தார். உங்கள் சட்டைப்பையில் செல்போன் இருக்கிறது. அடுத்த லீவில் ஊருக்குப் போனால், பாட்டி பாடும் நடவுப் பாட்டையோ தாலாட்டையோ பதிவு பண்ணுங்கள். பதிவு பண்ணினால் மட்டும் போதாது. உட்கார்ந்து கற்றுக்கொண்டு, வீட்டுக் குழந்தைக்குப் பாடிக் காட்டுங்கள். கோடாய் செய்தது அதுதான்.