மானிப்பாய் தந்த உடற்கூற்றுத் தமிழ்: மருத்துவர் கிறீன்

நாயாற்றில் கரைவலை இழுத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவின் வலது முழங்கையின் வெளிப்பக்கத்தில் தொடங்கிய நோ, கயிற்றைப் பிடிக்கவே விடவில்லை. வைத்தியசாலை ஒன்றில் மூன்று தடவை காட்டினோம். மாத்திரை தந்தார்கள். என்ன வருத்தம் என்று அவருக்கு விளங்கும் மொழியில் ஒருவரும் சொல்லவில்லை. சாமுவேல் பிஸ்க் கிறீனைப் பற்றி நான் தேடி வாசித்தது அதன் பிறகுதான்.

கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்தவர். 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துக்கொண்டே உள்ளூர் இளைஞருக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச உத்தியோகம் தேடிப் போய்விட, கிராமத்து நோயாளிக்கு வைத்தியர் இல்லாமலே போனது. தமிழில் படித்தவர் ஊரோடு இருப்பார் என்று எண்ணி, 1860களில் போதனையைத் தமிழுக்கு மாற்றினார்.

அதற்கு நூல்கள் வேண்டியிருந்தன. மாணவர்களின் துணையோடு கலைச்சொற்களை ஆக்கி, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கிறேயின் உடற்கூற்றியல் நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம் 1872இல் வெளிவந்தது. 1873இல் நாடு திரும்பிய பின்னரும் தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. 1884இல் காலமானார். அவரிடம் படித்து மருத்துவரானோர் அறுபதுக்கும் மேல். தமிழருக்குப் பணிசெய்த மருத்துவர் என்ற அடையாளத்தையே தன் கல்லறைக்கும் அவர் விரும்பினார்.

உயர்தரத்தில் உயிரியல் படித்த நான், ஒரு பின்னேரம் அப்பாவின் கையில் பேனாவால் கோடு கீறிக் காட்டினேன். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை; முன்கையின் உட்பக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரலெலும்பைப் பிடித்திழுக்கின்றன. தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் விரித்து நிமிர்த்தும் தசைகள் மறுபக்கத்தில் இருக்கின்றன. கயிற்றை இறுகப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்காமல் தாங்குவதும் அவைதான். முழங்கையின் வெளியெலும்பில் அவை தொடங்கும் இடத்தில்தான் அவருக்கு நோ.

இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுக்கும் வலையை அறிந்தவருக்கு அது உடனே விளங்கியது. மற்றக் கையின் விரல்களை மடக்கி, முன்கை அசைவதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிறீன் மறைந்து 140 ஆண்டுகள் கடந்துவிட்டன. தன் கைக்கு என்ன நடந்தது என்று அறிய, அப்பாவுக்கு உயிரியல் படித்த ஒரு பிள்ளை தேவைப்பட்டது. அப்படிப் பிள்ளை இல்லாதவர்கள் எங்கள் கரையில் நிறையப் பேர்.