செனகல் ஆற்றிலிருந்து நம்ம பொட்டானிக்கல் கார்டனுக்கு

ஆப்பிரிக்கக் காட்டாற்றில் வழிகாட்டியோடு துடுப்பு போட்டு, ராத்திரி கரையில் கூடாரம் அடித்துத் தூங்கும் சஃபாரி விளம்பரம் உங்க மொபைலிலும் வந்திருக்கும். காசு கட்டினா போதும், கூட்டிட்டுப் போவாங்க. 200 வருடத்துக்கு முன்னால் அந்த மாதிரிச் சீமையில் அலைந்த ஒருவர், கடைசியில் நம்ம புதுச்சேரியில்தான் கண்மூடினார். சாமுவேல் பெரொத்தே.

1793-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். பாரிஸ் தாவரவியல் பூங்காவில் தோட்டக்காரர். 1819-ல் கப்பலேறி ஜாவா, மணிலா பக்கம் போய், பட்டுப்புழுவுக்கு ஏற்ற ஒரு மல்பெரி வகையோடு திரும்பினார்.

1824 முதல் 1829 வரை செனகல், காம்பியா ஆறுகள் ஓடும் மேற்கு ஆப்பிரிக்கா. அவர் தேடியது சிங்கத்தை இல்லை, செடிகளை. ஈஸியான வேலைன்னு நினைச்சுடாதீங்க. பறித்த செடியைத் தாள்களுக்கு நடுவே அழுத்தி வைத்து, ஈரமான தாளை மாற்றிக்கொண்டே இருக்கணும். மழைக்காலத்தில் கொஞ்சம் அசந்தா பூஞ்சை பிடித்து மொத்தமும் போச்சு. காய்ச்சல் பரவும் ஆற்றங்கரைகளில் அவரும் லெப்ரியூர் என்பவரும் சேர்த்த செடிகளை வைத்துத்தான் செனகாம்பியா தாவரங்கள் பற்றிய பெரிய நூல் 1830 முதல் பாரிஸில் வெளியானது. நூலாசிரியர் மூவரில் இந்தத் தோட்டக்காரரும் ஒருவர்!

அப்புறம்தான் புதுச்சேரி. இங்கிருந்து நீலகிரி ஏறினார். அங்கே மண்ணுக்குள் வாழும் விஷமில்லாத பாம்பு ஒன்றுக்கு அவர் பெயர்தான். நடுவில் பிரான்ஸ் போனவர், 1843-ல் அரசுத் தாவரவியலாளராகத் திரும்பி வந்தார். 1826-ல் தொடங்கிய நம்ம பொட்டானிக்கல் கார்டனை வளர்த்தவர்களில் முக்கியமானவர் அவர். பிறகு ஊர் திரும்பவே இல்லை. 1870-ல் இங்கேயே இறந்துபோனார்.