கல்லறை தந்த பெயர்



நம்ம இராசிபுரத்தில் நின்று பார்த்தால் போதமலை தெரியும், அதை அடுத்துக் கொல்லிமலை, வடக்கே சேர்வராயன். இந்த மலைகளில் நிறையக் கிடக்கும் கருங்கல்லுக்கு உலகம் பூராவும் நிலவியல் புத்தகங்களில் உள்ள பெயர் சார்னாக்கைட். அந்தப் பெயரை வைத்த சர் தாமஸ் ஹென்றி ஹாலந்தைப் பற்றி நாலு வார்த்தை எழுத ஆசைப்பட்டேன்.

1868-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தவர். லண்டனில் படித்து, 1890-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல்லை ஆராய்ந்தபோது, அது நம்ம சென்னைப் பல்லாவரத்துக் கல்லேதான் என்று கண்டார். 1893-ல் செத்தவர் பெயரையே கல்லுக்குச் சூட்டிவிட்டார்!

பெயர் வைத்ததோடு நிற்கவில்லை. பல்லாவரம், நீலகிரி, சேர்வராயன் என்று எங்கெங்கோ கிடந்த பாறைகளை, ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமத்தை முக்கிய அடையாளமாக வைத்து, ஒரே குடும்பம் என்று 1900-ல் விரிவாக எழுதினார். ஜில்லா எல்லையை மனுஷன் போடுவான். பாறை எல்லையைப் பாறையே சொல்லும். இந்த வழியில்தான் 1936-ல் ஃபெர்மார் என்பவர், சார்னாக்கைட் உள்ள பகுதி, இல்லாத பகுதி என்று தீபகற்பத்தையே கோடு போட்டுப் பிரித்தார். நாம் இருப்பது சார்னாக்கைட் பக்கம்.

இவை உருகிய குழம்பு உறைந்து உண்டானவை என்று ஹாலந்து நம்பினார். ஆனால் 1960-ல் பிச்சமுத்து என்ற நம் நாட்டு அறிஞர், கர்நாடகத்துக் கப்பல்துர்காவில் சாதாரண நைஸ் பாறையே சார்னாக்கைட்டாக மாறிக்கொண்டிருந்த நிலையைக் காட்டினார். பூமிக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெந்த பாறைகள் இவற்றில் பல என்பது இன்றைய முடிவு. ஆக, நாம் மிதித்து நடப்பது ஒரு காலத்தில் புவியோட்டின் அடித்தளமாக இருந்தது. மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போய் வெளியே வந்தது.

ஹாலந்து 1903-ல் அத்துறையின் இயக்குநரானார். 1916 முதல் 1918 வரை இந்தியத் தொழில் கமிஷனுக்குத் தலைமை தாங்கினார். நாம் சுதந்திரம் அடைவதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 மே மாதம் காலமானார்.

அவர் சொன்ன காரணம் முழுக்க நிற்கவில்லை; அவர் வகுத்த குடும்பம் நிற்கிறது. ஏன்? ஊகத்தை வைத்துப் பிரிக்காமல், கல்லில் கண்ணால் கண்டதை வைத்துப் பிரித்தார். தம்பி தங்கைகளே, எந்தப் பாடம் படித்தாலும் இதை மனசில் வையுங்கள். முதலில் பாருங்கள், பிறகு பிரியுங்கள், காரணம் கடைசியில் வரட்டும்.