மானிப்பாய் வைத்தியர்

வைத்தியம் பயிலும் மாணாக்கன் ஆசிரியர் உரைப்பதைக் குறித்துக்கொண்டு பரீட்சையில் ஒப்பித்தால் மட்டும் வைத்தியனாகிவிட மாட்டான். நோயாளியின் அருகே நின்று, தானே பார்த்து, தானே வினவி, தன் முடிவைத் தானே கூறப் பழகவேண்டும். 2019 முதல் இந்திய வைத்தியக் கலாசாலைகளில் அமலுக்கு வந்த பாடத்திட்டமும் முதல் வருஷத்திலேயே மாணாக்கரை நோயாளிகளிடம் அழைத்துச் செல்லும்படி விதிக்கிறது. குன்றத்தூர்ப் பக்கத்தில் வைத்தியக் கலாசாலைகள் பல எழுந்துள்ள இக்காலத்தில், இம்முறையில் தமிழருக்கு வைத்தியம் கற்பித்த ஒரு பெரியாரின் சரித்திரத்தை நமது வாசகர்கள் அறிந்துகொள்வது நன்று. அவர் தமிழரல்லர், அமெரிக்கர்.

ஸாமுவேல் பிஸ்க் கிரீன் 1822-ஆம் வருஷம் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரிற் பிறந்தார். நியூயார்க்கில் வைத்தியம் கற்று 1845-இல் பட்டம் பெற்றார். 1847-இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருஷம் மானிப்பாயில் அமர்ந்தார். மதப் பிரசாரமும் அவர் நோக்கங்களுள் ஒன்று என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர் செய்த காரியம் மத எல்லையைக் கடந்து நின்றது.

ஒரு நாட்டின் நோயைத் தனியொரு வைத்தியர் தீர்த்தல் இயலாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். ஆகவே வந்த சிறிது காலத்துக்குள்ளேயே சில இளைஞரைச் சேர்த்துக்கொண்டு கற்பிக்கத் தொடங்கினார். பெரிய மண்டபமோ பிரசங்க மேடையோ அங்கில்லை. மருந்தகத்தை நாடி வந்த நோயாளிகளே அம்மாணாக்கருக்குப் பாடமாயினர்.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலம் கற்றுத் தேறியவர்கள் கிராமங்களுக்குச் செல்லாமல் சர்க்கார் உத்தியோகங்களை நாடுவதைக் கண்டார். இடையே தாய்நாடு சென்று 1862-இல் திரும்பியபின், 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். தம்மிடம் பயில்வோர் உடையிலும் உணவிலும் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பதும் அவர் கொள்கை.

தமிழிற் கற்பிக்க நூல்கள் வேண்டுமன்றோ? பிரசவ வைத்தியம் 1857-இலும், இரண வைத்தியம் 1867-இலும் வெளிவந்தன. கிரே என்பார் ஆங்கிலத்தில் இயற்றிய உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயருடன் 1872-இல் தமிழாயிற்று. ரசாயனத்தைக் கூறும் கெமிஸ்தம் 1875-இல் வந்தது. இவையும் பிறவும் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டன. இப்பணியில் அவருடைய மாணாக்கரும் பங்குகொண்டனர் என்பதே நாம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. ஒரு கருத்தைத் தெளிவாக உணராதவன் அதனைத் தன் மொழியில் எழுதிவிட முடியாது. மொழிபெயர்ப்பே அவர்களுக்குப் பெரும் பயிற்சியாயிற்று.

இவ்விதம் 60-க்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கிவிட்டு, 1873-இல் கிரீன் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார். தாய்நாடு சென்ற பின்னரும் தமிழ் நூற்பணியை விடாது நடத்தி, 1884-இல் காலமானார். தமிழருக்கு வைத்தியத் தொண்டு செய்தவர் என்ற குறிப்பையே அவர் கல்லறை தாங்கி நிற்கிறது. மானிப்பாய் ஆஸ்பத்திரி இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. ஆனால் தமிழில் வைத்தியம் கற்பிக்கும் முயற்சி அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அந்நஷ்டம் நம்முடையது.

வைத்திய சாஸ்திரம் நாள்தோறும் ஆங்கிலத்தில் வளர்கிறது, அதனை விட்டால் பின்தங்குவோம் என்பர் சிலர். ஆங்கிலத்தை விடுமாறு நாம் கூறவில்லை. நோயாளியிடம் கற்கவேண்டுமென்று விதித்துவிட்டு, நோயாளியின் பேச்சை அறியாத மாணாக்கனை அவனெதிரே நிறுத்துவதாற் பயனென்ன என்றே கேட்கிறோம். வயிற்றில் எங்கே, எவ்வாறு வலிக்கிறது என்பதை ஏழை தன் சொல்லிலேயே கூறுவான். புத்தகச் சொல்லிற் கூறமாட்டான். ஸ்ரீபெரும்பூதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் உழைக்க ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்துள்ள தொழிலாளர் நோயுற்று வரும்போது, நம் தமிழ் மாணாக்கரே அன்று கிரீன் இருந்த நிலையில் இருக்கின்றனர். கடல் கடந்து வந்த அந்நியர் தம்மை நாடிய நோயாளியின் மொழியைக் கற்றார். நம் கலாசாலைகளும் தமிழில் நோயை விசாரித்து எழுதும் பழக்கத்தை மாணாக்கருக்கு ஊட்டி, வந்தேறிய தொழிலாளரின் மொழியிலும் சிறிது பயிற்சி அளிப்பார்களாயின், புதிய பாடத்திட்டம் காகிதத்தில் நின்றுவிடாமல் நோயாளியின் படுக்கையண்டை சென்று சேரும்.